ஒரு துணி, இரு சட்டைகள்



பாடசாலை அதிபர் ஒருவர் வானொலியிலே பேச வந்தால் பரீட்சையைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோ பேசுவார் என்றே நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். நான் இன்று தையலைப் பற்றிப் பேசப் போகின்றேன். அதிலும், பெனியன் துணி என்று நாம் பொதுவாகச் சொல்லும் பின்னற்றுணியிலே தாய்க்கும் மகளுக்கும் ஒன்றுபோற் சட்டை தைப்பதைப் பற்றிப் பேசப் போகின்றேன். நான் கலைப் பட்டதாரி. தையலிற் பட்டம் பெற்றவளல்லள். ஊசியில் நூல் கோப்பதற்கே இப்பொழுது மூக்குக்கண்ணாடி வேண்டியிருக்கின்றது. ஆயினும் எங்கள் பாடசாலையிலே சென்ற ஆண்டு சில சனிக்கிழமைகளில் நான் கண்ட காட்சியை உங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையினாலே இங்கு வந்திருக்கின்றேன்.

ஒரே துணியில் வீட்டாருக்கெல்லாம் உடுப்புத் தைப்பது நமக்குப் புதிதன்று. என் இளமைப் பருவத்திலே தீபாவளி நெருங்கினால் தந்தையார் கடைக்குப் போய் ஒரு துணிக் கட்டைத் தோளிலே சுமந்துகொண்டு வருவார். எனக்கும் தமக்கைக்கும் கவுண், தம்பிமார் இருவருக்கும் சேட்டு, மிஞ்சிய துண்டில் இரண்டு தலையணை உறை. இவ்வளவையும் என் தாயார் கையால் சுற்றும் பொறியிலே ஒரு கிழமைக்குள் தைத்து முடித்துவிடுவார். நாங்கள் நால்வரும் வரிசையாகக் கோவிலுக்குப் போகும்பொழுது, "பாண்ட் செற் வருகுது" என்று அயலவர் சிரிப்பார்கள். எங்களுக்கு வெட்கமாக இருக்கும். அம்மா மட்டும் பழைய நூற்சேலையோடு பின்னால் வருவார். அந்தத் துணியிலே அவருக்கென்று ஒரு பங்கு எக்காலத்திலும் இருந்ததில்லை. இதனை நான் அக்காலத்தில் கவனித்தேன் என்று சொல்ல மாட்டேன். அண்மையிலேதான் நினைத்துப் பார்த்தேன்.

இன்று தாயும் மகளும் ஒன்றுபோல் உடுப்பது ஒரு நாகரிகமாகிவிட்டது. பிறந்தநாள் விழாக்களிலும் திருமண வீடுகளிலும் பூப்புனித நீராட்டு விழாக்களிலும் இதனை நிரம்பக் காண்கின்றோம். உண்மையைச் சொன்னால் எனக்கு இதிலே பெரிய விருப்பம் இருந்ததில்லை. பிள்ளையைத் தாயின் அணிகலன்களுள் ஒன்றாக ஆக்கிவிடுகின்றார்களே என்றொரு சலிப்பே இருந்தது. படம் எடுத்து முடிந்ததும் பிள்ளை அந்தச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய சட்டையைத் தேடுவதையும் கண்டிருக்கின்றேன். இந்தச் சலிப்பு ஓரளவு இன்றும் உண்டு.

இனி நிகழ்ச்சிக்கு வருகின்றேன். எங்கள் பாடசாலை வன்னிப் பகுதியிலே உள்ளது. ஆறாந்தரத்திற்குப் புதிதாகப் பிள்ளைகளைச் சேர்க்கும்பொழுது ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதிலே தாயின் தொழில் என்றொரு கூடு இருக்கும். ஒரு சிறுமி அந்தக் கூட்டிலே "வீட்டுப் பணி" என்று எழுதியிருந்தாள். ஆனால் அவளுடைய தாயாரை நான் பல தடவை அதிகாலையிலே ஆடைத் தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்து நிற்கக் கண்டிருக்கின்றேன். பிள்ளையைத் தனியே அழைத்து, பிழையாக எழுதிவிட்டாயோ என்று கேட்டேன். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ரீச்சர், அம்மா கார்மென்ற்சுக்குப் போறவ எண்டு தெரிஞ்சால் பிள்ளையள் சிரிப்பினம்."

நேயர்களே, இந்த நாட்டிலே இந்தச் சொல்லின் பின்னால் ஒரு வரலாறு இருக்கின்றது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1978இல் கட்டுநாயக்காவிலே முதலாவது சுதந்திர வர்த்தக வலயம் அமைந்தது. 1992இல் கிராமங்கள் தோறும் 200 ஆடைத் தொழிற்சாலைகள் அமைக்கும் திட்டம் தொடங்கிற்று. 2009இல் போர் முடிந்தபின் வடக்கிலும் இத்தொழிற்சாலைகள் வந்தன. நாட்டின் ஏற்றுமதி வருவாயிலே ஆடைகளின் பங்கு மிகப் பெரியது. அந்த ஆடைகளுள்ளும் பின்னலாடைகளின் பங்கு பெரியது. இவற்றைத் தைக்கின்ற கைகளுள் மிகப் பெரும்பாலானவை பெண்களுடையவை. அப்பெண்கள் அனுப்பிய பணத்திலே வீடு கட்டினவர்கள் உண்டு. தங்கையரைப் படிப்பித்தவர்கள் உண்டு. ஆனாலும் "கார்மென்ற் பெட்டை" என்று ஒரு பேச்சு ஊரிலே நிலைத்துவிட்டது. பதினொரு வயதுப் பிள்ளைக்கும் அது தெரிந்திருக்கின்றது என்பதுதான் என் மனத்திலே தைத்தது.

படிவத்தை நான் திருத்தவில்லை. அதட்டித் திருத்துவதாலே என்ன பயன்? சில நாட்களின் பின் தாயார் ஓர் அலுவலாகப் பாடசாலைக்கு வந்தார். வேலையைப் பற்றி விசாரித்தேன். ரீ சேட் தைக்கும் பகுதியிலே பத்து வருடமாக இருக்கின்றாராம். "நல்ல தையற்காரியாய் இருப்பீர்கள்" என்றேன். அவர் சிரித்தார். "இல்லை ரீச்சர், ஒரு முழுச் சட்டை நான் இன்னும் தைக்கேல்லை. பத்து வருசமாய்க் கைதான் பொருத்துறன்" என்றார்.

அவர் சொன்னதைச் சற்று விளக்க வேண்டும். தொழிற்சாலையிலே ஒருவர் ஒரு சட்டையை முழுமையாகத் தைப்பதில்லை. வேலை பல கூறுகளாகப் பிரிக்கப்படும். ஒருவர் தோள் மூட்டைப் பொருத்துவார். அடுத்தவர் கழுத்துப் பட்டியை வைப்பார். மற்றொருவர் கையைப் பொருத்துவார். இன்னொருவர் பக்கத்தை மூட்டுவார். பின்னொருவர் கீழ் விளிம்பை மடித்துத் தைப்பார். ஒவ்வொருவருக்கும் மணிக்கு இத்தனை என்று இலக்கு உண்டு. இவ்வாறு பத்து ஆண்டுகள் சட்டைக் கைகளை மாத்திரம் பொருத்திய ஒருவர், தம் மகளுக்குக் கடையிலே சட்டை வாங்குகின்றார். அந்தச் சட்டையின் கையை ஒருவேளை அவரே பொருத்தியிருக்கவும் கூடும். அதை அவர் அறியமாட்டார்.

எங்கள் மனைப்பொருளியல் ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். அவர் சற்று யோசித்து, "சனிக்கிழமைகளிலே தாய்மாரையும் பிள்ளைகளையும் கூப்பிடுவோம். ஒரே துணியிலே இருவருக்கும் தைப்பிப்போம். துணி பெனியன் துணியாக இருக்கட்டும்" என்றார். பெனியன் துணி ஏன் என்று கேட்டேன். "அது எனக்கு வராது. அவவுக்கு வரும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். தமக்கு வராததை வராது என்று சொல்லும் ஆசிரியர்களை நான் மிகவும் மதிக்கின்றேன்.

பின்னற்றுணி ஏன் பலருக்கு வருவதில்லை? சாதாரணத் துணி தறியிலே நெய்யப்படுவது. நெடுக ஓடும் பாவிலே குறுக்கே ஊடை ஓடி, இரண்டும் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. அது அசையாது. பின்னற்றுணியிலே நூல் வளையம் வளையமாகச் செல்கின்றது. ஒரு வளையத்தினூடே அடுத்த வளையம் நுழைந்து தொங்குகின்றது. இழுத்தால் வளையங்கள் அகலும், விட்டால் சுருங்கும். கையாற் பின்னிய கம்பளிச் சட்டையும் இயந்திரத்திற் பின்னிய ரீ சேட்டும் இவ்வகையில் ஒரே குடும்பம். பின்னும் பொறியை 1589இல் முதலில் அமைத்தவர் இங்கிலாந்திலே நொற்றிங்காம் பகுதியைச் சேர்ந்த வில்லியம் லீ என்பவர். முதலாம் எலிசபெத் அரசியார் அவருக்கு உரிமைப் பத்திரம் வழங்க மறுத்துவிட்டார். கையாற் காலுறை பின்னிப் பிழைக்கும் ஏழைகளின் பிழைப்புப் போய்விடும் என்பதே காரணம் என்பர். அவர் பின்னர் பிரான்சுக்குச் சென்றார். பொறியினாலே யாருக்குப் பிழைப்புப் போகும், யாருக்கு வரும் என்ற கேள்வி அன்றே தொடங்கிவிட்டது.

துணி வாங்குவதற்கு ஆசிரியை நகரத்துக்குப் போனார். தொழிற்சாலைகளில் மிஞ்சும் துணிகளை நம் நாட்டுக் கடைகளிலே நிறுத்து விற்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கிலோவுக்கு எவ்வளவு துணி வரும் என்று மலைக்க வேண்டியதில்லை, கணக்கு எளிது. ரீ சேட்டுக்கு ஏற்ற நடுத்தரத் துணி ஒரு சதுர மீற்றர் ஏறக்குறைய 180 கிராம் நிறுக்கும். அகலம் ஒன்றரை மீற்றரானால், நீளத்திலே ஒரு மீற்றருக்கு 270 கிராம். ஆகவே ஒரு கிலோவிலே மூன்றரை மீற்றருக்குச் சற்று மேலாகக் கிடைக்கும். தாய்க்கு முழங்காலளவு நீண்ட ஒரு மேற்சட்டைக்கும் மகளுக்கு ஒரு கவுணுக்கும் அது போதும். கைக்குட்டை அளவில் மிச்சமும் வரும்.

வாங்கும்பொழுது துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். மிச்சத் துணியிலே சிறு துளைகள் இருப்பதுண்டு. துளை ஒன்றிலிருந்து வளையம் அவிழத் தொடங்கினால் ஏணிப்படிபோல நீளத்துக்கு ஓடிவிடும். பின்பு பத்துச் சென்ரிமீற்றர் அளவை விரலாற் பிடித்துக் குறுக்கே மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். பன்னிரண்டரை வரை வந்தால் நன்று. அதைவிட முக்கியம், விட்டவுடன் அது மீண்டும் பத்துக்கே திரும்புகின்றதா என்பது. திரும்பாமல் தொய்ந்து நின்றால் அத்துணி முழங்கையிலும் இருக்கையிலும் பை விழுந்துவிடும். எவ்வளவு மலிவாயிருந்தாலும் விட்டுவிடுங்கள். வாங்கி வந்த துணியை வெட்டுமுன் ஒரு தரம் தோய்த்து, கயிற்றிலே தொங்கவிடாமல் பாயிலே பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். பருத்திப் பின்னல் தோய்த்தாற் சுருங்கும். சட்டையாகித் தாய்க்கு அளவாயிருந்தது சுருங்கினால் மகளுக்கென்று கொடுத்துவிடலாம். மகளுடையது சுருங்கினால் பொம்மைக்குத்தான் ஆகும்.

ஆசிரியை கொண்டுவந்தது மயிற்கழுத்து நிறத்திலே ஒரு துணி. தாயாருக்குக் கண்டவுடன் பிடித்துவிட்டது. மகள் ஒன்றும் பேசவில்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்டேன். நெடுநேரத்தின் பின், "அம்மாவைப் போலவே இருக்க வேண்டாம்" என்றாள். தாயாரின் முகம் சற்று வாடியதை நான் கண்டேன். ஆசிரியை நிலைமையை நன்றாகச் சமாளித்தார். தாளையும் பென்சிலையும் பிள்ளையிடம் கொடுத்து, "உனக்கு வேண்டியதை நீயே வரை" என்றார். அவள் வரைந்தது இடுப்பிலே வெட்டி, கீழே சுருக்கு வைத்த, குட்டைக் கையுடைய ஒரு கவுண். தாயாருக்கு நேரான மேற்சட்டை, முழங்கை வரை கை. துணி ஒன்று, கழுத்துப் பட்டியின் வெண்மை ஒன்று, மற்றவையெல்லாம் வேறு. பத்து வயது கடந்த பெண்பிள்ளைகளை உடைய தாய்மாருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: துணியை நீங்கள் தெரிந்தால், சட்டையின் வடிவத்தை அவள் தெரியட்டும். ஐந்து வயதுப் பிள்ளை தாயைப் போல உடுக்கத் துள்ளிக் குதிப்பாள். பதினொரு வயதுப் பிள்ளைக்குத் தான் யார் என்ற எண்ணம் அரும்பத் தொடங்கிவிடுகின்றது.

அடுத்து வந்த சனிக்கிழமை வெட்டும் நாள். பழந்தமிழிலே துணிக்கு அறுவை என்று ஒரு பெயர். சங்கப் புலவருள்ளே மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்றொருவர் இருந்தார், துணி விற்றவர். அறுப்பதால் அறுவை, துணிப்பதால் துணி. அறுத்த பின் ஒட்ட முடியாது என்ற அச்சம் அச்சொற்களிலேயே இருக்கின்றது போலும். எங்கள் தாயாருக்கும் அந்த அச்சம் இருந்தது. தொழிற்சாலையிலே அவரிடம் வருவது வெட்டிய துண்டுகள். வெட்டும் பகுதிக்குள் அவர் காலெடுத்து வைத்ததேயில்லை.

அவருக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு பழைய ரீ சேட்டை மண்ணிறத் தாளில் வைத்து, சுற்றி வரைந்து, தையலுக்கு ஒரு சென்ரிமீற்றர் விட்டு அவருடைய மாதிரி ஆயிற்று. மகளுக்கு எப்படி? தாயின் நெஞ்சளவு 92 சென்ரிமீற்றர். மகளின் நெஞ்சளவு 68. ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு. ஆகவே தாயின் மாதிரியை எல்லாப் பக்கமும் நான்கில் மூன்றாகச் சிறிதாக்கினாற் போதும் என்று தாயார் சொன்னார். கணக்குச் சரி என்று நானும் தலையசைத்தேன். ஆசிரியையும் ஒன்றும் சொல்லவில்லை. வெட்டி, தோளை மூட்டி, கழுத்துப் பட்டியைக் குண்டூசியாற் பொருத்தி, பிள்ளையின் தலைவழியே போட்டுப் பார்த்தோம். சட்டை நெற்றியிலே நின்றுவிட்டது. துணியின் உள்ளிருந்து, "அம்மா, மூச்சு முட்டுது" என்று ஒரு குரல் வந்தது. அறையிலிருந்த தாய்மாரெல்லாம் சிரித்துவிட்டார்கள். முதலிலே சிரிக்காதவர் அவளுடைய தாய் ஒருவரே.

பிழை எங்கே என்று பார்த்தோம். தாயின் கழுத்து வட்டம் 50 சென்ரிமீற்றர். அதன் நான்கில் மூன்று பங்கு 37 அல்லது 38. துணி எவ்வளவு இழுபட்டாலும் நாற்பத்தாறு, நாற்பத்தேழுக்கு மேல் வராது. பிள்ளையின் தலையை நாடாவினால் அளந்தோம்: 53. தாயின் தலையை அளந்தோம்: 55. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நெஞ்சிலே 24 சென்ரிமீற்றர் வேறுபாடு. தலையிலே இரண்டே இரண்டு! பிறந்த குழந்தையின் தலை அதன் முழு நீளத்திலே நாலிலொரு பங்கு. வளர்ந்தவருக்கோ ஏழு அல்லது எட்டிலொரு பங்கு. தலை முந்திக்கொண்டு வளர்ந்துவிடுகின்றது. உடல் பின்பு ஆறுதலாக வந்து சேர்கின்றது. முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளின் தலைகளை எண்ணிக்கொண்டிருக்கும் எனக்கு இது அன்றுதான் உறைத்தது. மகள் என்பவள் சிறிதாக்கிய தாயல்லள்; அவளுக்கு வேறு மாதிரித்தாள் வேண்டும்.

இவ்விடத்திலே பாரிசு நகரத்து ழான் லான்வன் என்ற அம்மையாரைச் சொல்ல ஆசை வருகின்றது. தொப்பி செய்பவராகத் தொழிலைத் தொடங்கியவர். 1897இல் பிறந்த தம் மகள் மார்கரீத்துக்கு அழகழகாக உடைகள் தைத்தார். கண்ட வாடிக்கையாளர்கள் தங்கள் பிள்ளைகளுக்கும் அவ்வாறே கேட்டார்கள். 1908இல் சிறுவர் உடைக்கென ஒரு பிரிவைத் திறந்தார். பெண்களுக்கான பிரிவு அதற்கு அடுத்த ஆண்டிலேதான் வந்தது. அவருடைய நிறுவனத்தின் இலச்சினையாகத் தாயும் மகளும் கைகோத்து நிற்கும் சித்திரம் ஒன்று இன்றும் உள்ளது. போல் இரிப் என்ற ஓவியர் வரைந்தது. அவர் தைத்தவை பட்டும் மென்றுகிலும். நம்முடைய பெனியன் துணியன்று. நான் கவனிப்பது அங்கே இருந்த வரிசையை. மகளுடைய உடை முதலில் வந்தது. பெரியவர்களின் உடை அதன் பின் வந்தது. நாங்கள் மறுவழியாகத் தொடங்கி நெற்றியிலே முட்டிக்கொண்டோம்.

நல்லவேளை, சிறிய கழுத்தைப் பெரிதாக்கலாம். பெரிய கழுத்தைச் சிறிதாக்க இயலாது. சுற்றிவர வெட்டிக் கழுத்தை 46 சென்ரிமீற்றர் ஆக்கினோம். பட்டிக்கு வேறு துணி எடுத்தோம். விலா எலும்புபோல வரிவரியாக இருக்கும் பின்னல் ஒன்றுண்டு. ரிப் என்று கடைகளிலே கேட்டாற் கொடுப்பார்கள். அது மற்றதைவிட மிக நன்றாக இழுபட்டு, மிக நன்றாகச் சுருங்கும். பட்டியின் நீளம் கழுத்து வட்டத்திலே நூற்றுக்கு எண்பத்தைந்து வீதம் இருக்க வேண்டும். 46க்கு 39. பட்டியையும் கழுத்தையும் தனித்தனியே நான்காகப் பங்கிட்டு அடையாளமிட்டு, அடையாளத்தோடு அடையாளம் பொருத்தி, பட்டியை மட்டும் மெல்ல இழுத்துத் தைத்தால், கழுத்து வாயைப் பிளவாமல் உடலோடு படிந்து நிற்கும்.

இதுவரை தயங்கிக்கொண்டிருந்த தாயார் தையற்பொறியிலே உட்கார்ந்ததும் வேறொருவரானார். எங்கள் பாடசாலையிலே இருப்பவை காலால் மிதிக்கும் மூன்று பொறிகளும் மின்னாலே இயங்கும் ஒரு பொறியும். தொழிற்சாலையிலுள்ள ஓவர்லொக் பொறி எங்களிடம் இல்லை. அவர் முதலிலே ஊசியைக் கழற்றினார். பின்னற்றுணிக்குக் கூரிய ஊசி ஆகாதாம். கூரிய முனை நூலையே குத்தி அறுக்கும். தைத்த அன்று தெரியாது, தோய்த்த பின் தையலோரமாகத் துளை துளையாகத் தெரியும். முனை உருண்ட ஊசி வளையங்களை விலக்கிக்கொண்டு நடுவே நுழையும். கடையிலே பெனியன் ஊசி என்று கேட்டாலும் கிடைக்கும். அடுத்து நூலை மாற்றினார். பருத்தி நூல் இழுபடும்பொழுது அறும். பொலியெஸ்ரர் நூல் சற்று இடங்கொடுக்கும். மின்பொறியிலே நெளிதையலை வைத்தார். ஆனால் மிக ஒடுக்கமாக, ஒரு மில்லிமீற்றர் அகலத்துக்குள், நீளம் இரண்டரை மில்லிமீற்றர். பார்வைக்கு நேர்தையல் போலவே இருக்கும். இழுத்தால் துணியோடு தானும் நீளும். மிதிபொறி மட்டும் உடையவர்கள் நேர்தையலைச் சிறிதாக வைத்து, துணியை மிகமெல்ல விரித்துப் பிடித்து, ஒரு தையலுக்கு அருகே இன்னொரு தையல் ஓட்டலாம் என்றும் செய்து காட்டினார். தோள் மூட்டிலே மட்டும் ஒரு மெல்லிய பருத்தி நாடாவைச் சேர்த்துத் தைத்தார். சட்டையின் பாரம் முழுவதும் தோளிலே தொங்குவதால் அந்த இடம் நீளவே கூடாது.

பின்பு கை பொருத்தும் கட்டம் வந்தது. நேயர்களே, அந்த வேகத்தை வானொலியிலே எப்படிச் சொல்வேன்! சட்டைக் கை ஒரு வளைவு. கைக்குழி மறுபுறமாக ஒரு வளைவு. இரண்டும் எதிரெதிர். எங்கள் ஆசிரியை பத்துக் குண்டூசி குத்தி, நூலோட்டி, பிறகே தைப்பார். இந்தத் தாய் ஒரு குண்டூசியும் எடுக்கவில்லை. இடக்கை கீழ்த்துணியையும் வலக்கை மேற்றுணியையும் வழிநடத்த, இரண்டு வளைவும் தாமாகவே வந்து கூடுவன போலக் கூடின. மூச்சு விடும் நேரத்திலே ஒரு கை முடிந்தது. அறையிலே பேச்சு நின்றுவிட்டது. ஆசிரியை குனிந்து பார்த்து, "இன்னொரு தரம் ஆறுதலாய்ச் செய்து காட்டுங்கோ" என்று கேட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டார். நான் பார்த்தது துணியையன்று. மகளை. அவள் தன் தாயின் விரல்களையே இமையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தொழிற்சாலையிலே அந்த விரல்கள் என்ன செய்கின்றன என்பதை அவள் அதற்கு முன் கண்டதேயில்லை. எப்படிக் காண்பாள்? வாயிலைக் கடந்து பிள்ளைகளை விடமாட்டார்கள்.

மற்றக் கையைத் தான் தைக்கின்றேன் என்று மகள் கேட்டாள். தாய் எழுந்து இடங்கொடுத்துப் பின்னாலே நின்றார். பிள்ளை பயத்திலே துணியை இழுத்து இழுத்துத் தள்ளினாள். தையல் அலையலையாக நெளிந்தது. "இழுக்காதை பிள்ளை. துணி தன்ரபாட்டிலை போகட்டும், நீ வழியை மட்டும் காட்டு" என்றார் தாய். பிள்ளை தைத்த கை சற்றுச் சுருக்கம் விழுந்துதான் வந்தது. பிரித்துத் தைக்கவா என்று ஆசிரியை கேட்டார். வேண்டாம் என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

எஞ்சியவற்றை விரைவாகச் சொல்லிவிடுகின்றேன். துண்டுகளையெல்லாம் ஒரே திசை நோக்கி வைத்து வெட்ட வேண்டும். தலைகீழாக வைத்தால் ஒரே நிறம் இரண்டு நிறம்போலத் தெரியும். துணி இழுபடும் திசை உடலைச் சுற்றி வரவேண்டும். கீழ் விளிம்பை இரட்டை ஊசியால் தைத்தால் கடைச் சட்டை போலிருக்கும். இல்லையென்றால் கையாற் தளர்வாகத் தைக்கலாம். பிள்ளையின் சட்டைக்குக் கீழே ஐந்து சென்ரிமீற்றர் மடிப்பு விடுங்கள். இந்த வயதிலே ஆண்டுக்கு ஏறத்தாழ அவ்வளவு வளர்வார்கள்; அடுத்த தீபாவளிக்கு மடிப்பை இறக்கிவிடலாம். அழுத்தும்பொழுது அழுத்திப் பெட்டியைத் தேய்த்து இழுக்காமல், வைத்து எடுத்து வைத்து எடுத்து அழுத்துங்கள். கம்பியிலே தொங்கவிடாமல் மடித்து வையுங்கள்.

இரண்டு சட்டைகளும் நான்கு சனிக்கிழமைகளில் முடிந்தன. ஒரு சனிக்கிழமை தாயார் வரவில்லை. மேலதிக நேர வேலையாம். அன்று மகள் மட்டும் வந்து தாயின் சட்டைக்கு விளிம்பு தைத்தாள். அந்தச் சட்டை தாயார் தமக்கென்று தைத்த முதற்சட்டை. அதை அவர் தம் உடம்போடு வைத்துப் பார்த்தபொழுது எனக்கு என் அம்மாவின் நூற்சேலை நினைவுக்கு வந்தது. வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

நவராத்திரியிலே பாடசாலையில் வாணி விழா. அன்று மட்டும் பிள்ளைகள் வண்ண உடை உடுத்து வரலாம். அவள் மயிற்கழுத்து நிறக் கவுணோடு வந்தாள். இடக்கையிலே அந்தச் சுருக்கம் அப்படியே இருந்தது. இருவரையும் ஒன்றாக நிறுத்திப் படமெடுக்க வேண்டும் என்று ஆசிரியை கைத்தொலைபேசியோடு காத்திருந்தார். தாயாருக்கு விடுமுறை கிடைக்கவில்லை. பூசை முடிந்து அவல் கொடுக்கும்பொழுது ஒரு மாணவி அவளிடம், சட்டை எந்தக் கடையிலே வாங்கியது என்று கேட்பது என் காதில் விழுந்தது.

"கடையில்லை. நானும் அம்மாவும் தைச்சது. அம்மாவும் இண்டைக்கு இதே துணியிலைதான் போட்டுக்கொண்டு போனவ" என்றாள்.

"எங்கை போனவ?"

"கார்மென்ற்சுக்கு" என்றாள் அவள், அவலை வாயிலே போட்டுக்கொண்டு.